அளவெடுத்துத் தைத்த சூட்: செலவுக்கேற்ற பயன் எங்கே இருக்கிறது?

கேள்வி இது: நல்ல ரெடிமேட் சூட் எளிதாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில், அளவு கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, பல மடங்கு செலவழித்து ஒரு சூட் தைத்துக்கொள்வதில் உண்மையான பயன் இருக்கிறதா? அல்லது அது வெறும் பகட்டுதானா?

பகட்டுக்காகத் தைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு என் பதில்: பயன் இருக்கிறது, ஆனால் பெரும்பாலோர் தேடும் இடத்தில் அது இல்லை. முதல் நாள் கண்ணாடி முன் நிற்கும்போது தெரிகிற அழகு அதில் சிறு பங்குதான். தோள் சரியாகப் பொருந்தும் ஒரு ரெடிமேட் கோட்டைக் கைதேர்ந்த தையற்காரரிடம் கொடுத்து இடுப்பையும் கையையும் சரிசெய்துகொண்டால் அந்த அழகில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தைத்த சூட்டின் தனிச் சிறப்பு வெளியே தெரியாமல் துணிக்குள் இருக்கிறது. அது பிரிப்பதற்கு ஏற்றபடி தைக்கப்பட்ட உடை. இரண்டு மூன்று தடவை பிரித்துச் சேர்த்த பிறகுதான் உங்கள் கைக்கே வருகிறது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் அதைப் பிரித்து மாற்றலாம். இதைப் புரிந்துகொண்டால், எப்போது பணம் போடலாம், எப்போது கூடாது என்பது ஓரளவு தானே தெளிவாகிவிடும்.

நான் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் பல ஆண்டுகள் கைவேலை செய்தவன். ஆகவே என் பார்வை வாங்குபவரைவிடத் தைப்பவர் பக்கம் சாய்ந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'உங்கள் அளவுக்குத் தைத்துத் தருகிறோம்' என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒருவகையில், நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் வடிவத்தை எடுத்து, உங்கள் மார்பு, இடுப்பு, கை நீளத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து, இயந்திரத்தில் வெட்டித் தைப்பார்கள். இதை மேட் டு மெஷர் என்கிறார்கள். மற்றொன்றில், உங்களுக்காகவே வெள்ளைத் தாளில் புதிதாக ஒரு வடிவம் வரைந்து, கையால் வெட்டி, அரைகுறையாகத் தைத்து உங்கள் மேல் போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டித் தைப்பார்கள். பெஸ்போக் என்பது இதுதான். முன்கூட்டியே சொல்லிவைத்தது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். தையற்கடைகளுக்குப் பெயர்போன லண்டன் தெருவான சாவில் ரோவின் தையற்காரர்கள் 2004-இல் ஒரு சங்கமே அமைத்து இந்தச் சொல்லைக் காக்கப் பார்த்தார்கள். ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை இருக்க வேண்டும் என்று தங்களுக்குள் வரையறையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 2008-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், அளவெடுத்து இயந்திரத்தில் வெட்டிய சூட்டையும் அந்தப் பெயரால் விளம்பரம் செய்வதில் தவறில்லை என்று முடிவு செய்தது. ஆக, பலகையில் எழுதியிருக்கும் சொல்லை வைத்து எதையும் நம்ப வேண்டாம். 'எனக்கென்று தனியாகத் தாள் வடிவம் வரைவீர்களா? எத்தனை ட்ரையல்?' இந்த இரண்டு கேள்விகள் போதும்.

ரெடிமேடுக்கும் பெஸ்போக்குக்கும் இடைப்பட்ட மேட் டு மெஷரை நான் மட்டம்தட்டவில்லை. சராசரி உடலமைப்பு உள்ளவர்களுக்கு அது மிக நன்றாகவே அமையும். அமையாதது யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டுமானால், உடலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

எங்கள் மாஸ்டர் நாடாவைக் கையில் எடுப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் ஐந்து நிமிடம் ஏதாவது பேசுவார். பயணம், பிள்ளைகளின் படிப்பு, வாய்க்கு வந்தது எதுவானாலும் சரி. மரியாதைக்காகப் பேசுகிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார்: "தம்பி, நாடாவைப் பார்த்ததும் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்கு நாம் கோட்டுத் தைக்கக் கூடாது. பேச்சு மும்முரத்தில் தன்னை மறந்து நிற்கிறாரே, அவருக்குத்தான் தைக்க வேண்டும்." அதன்பிறகு நானும் பார்க்கத் தொடங்கினேன். பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது. சிலருக்குத் தலை முன்னால் நீண்டு முதுகு மேலே வளைந்திருக்கிறது. மேசையில் குனிந்தே வேலை செய்பவர்களிடம் இதை நிறையக் காணலாம். சிலர் இடுப்பை முன்தள்ளி நிற்கிறார்கள். தொங்கவிட்ட கை சிலருக்குத் தொடைக்கு நேராக நிற்கிறது, சிலருக்கு முன்னால் வந்துவிடுகிறது.

மார்பு 40 அங்குலம் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கூன் விழுந்தவர், இன்னொருவர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். நாடாவில் இருவரும் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்குக் கோட்டின் முதுகுப்பக்கம் நீளமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் வெட்ட வேண்டும். இரண்டாமவருக்கு நேர்மாறு. ரெடிமேட் கோட்டு ஒரே நிலைக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். கூனுள்ளவர் அதைப் போட்டால் பின்கழுத்தில் கோட்டுக் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கும். நிமிர்ந்து நிற்பவர் போட்டால் காலருக்குக் கீழே முதுகில் துணி குறுக்காகச் சுருண்டு குவியும். இந்தக் குறைகளை ஆல்டரேஷனில் முழுமையாகச் சரிசெய்வது கடினம். மேட் டு மெஷரிலும் ஓரளவுதான் முடியும், ஏனென்றால் அளவெடுப்பவர் படிவத்தில் இருக்கும் கட்டங்களை மட்டுமே நிரப்ப முடியும். உங்கள் உடல் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்குத் தைத்துக்கொள்வதன் பயன் கூடுகிறது. 'எனக்கு எந்தக் கோட்டும் சரியாக உட்காருவதில்லை' என்று வருத்தப்படுபவர்தான் தையற்காரரிடம் மிகுதியாகப் பெறுபவர். அச்சில் வார்த்தது போன்ற உடல்வாகு உள்ளவர் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கம் கைக்குழி, அதாவது கோட்டில் கையைப் பொருத்தும் துளை. பெரிய கைக்குழி இருந்தால் கையைத் தாராளமாக அசைக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது அதற்கு நேர் எதிர். குழி கீழே இறங்கியிருந்தால், கையைத் தூக்கும்போது கோட்டின் பக்கத்துணி முழுவதும் கையோடு சேர்ந்து மேலே இழுபடும், காலரும் கழுத்தை விட்டுக் கிளம்பும். குழி சிறியதாக, அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் அசையும், கோட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ரெடிமேடில் ஏன் இதைச் செய்வதில்லை? ஒரே கோட்டுக்குள் பலவகை உடல்கள் நுழைய வேண்டுமே. யார் கையையும் பிடிக்காத அளவுக்குக் குழியைத் தாழ்த்தித்தான் ஆக வேண்டும். தாழ்த்தி வெட்டிவிட்ட குழியை மறுபடி உயர்த்த முடியாது, அந்த இடத்தில் துணியே இல்லை. சூட் என்றாலே விறைப்பு, கட்டிப்போட்டது போன்ற உணர்வு என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் தாழ்ந்த கைக்குழியோடு வாழ்ந்தவர்கள். நீங்கள் போட்டிருக்கும் கோட்டில் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பட்டனைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள். கோட்டு மொத்தமும் கிளம்புகிறதா, கை மட்டும் போகிறதா?

இனி பிரிப்பது பற்றி.

முதல் ட்ரையலுக்குப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெள்ளை நூலில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, காலர் இல்லாமல், சில நேரம் ஒரு கை மட்டும் ஒட்டி, பையும் காஜாவும் இல்லாத ஏதோ ஒன்றை மாட்டிவிடுவார்கள். மாஸ்டர் சுற்றிவந்து சாக்கால் கோடு போடுவார், குண்டூசி குத்துவார், ஒரு தோளைச் சர்ரென்று பிரித்துவிட்டு மேலே தூக்கிக் குத்துவார். எங்களிடம் ஒருவர் இதைப் பார்த்துப் பதறி, "கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார். கெடவில்லை. அந்தக் கோட்டை மேசைக்குக் கொண்டுபோய் முழுவதும் பிரித்து, தட்டையாக இஸ்திரி போட்டு, சாக்கால் திருத்திய கோடுகளின்படி மறுபடி வெட்டுவார்கள். திருத்தம் தாள் வடிவத்திலும் ஏறும். அந்தத் தாளைப் பட்டறையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். நீங்கள் கொடுத்த காசில் துணி, கூலி தவிர மூன்றாவதாக வாங்கியது அந்தத் தாளைத்தான். இரண்டாவது சூட் முதலாவதைவிட நன்றாக அமைவதும், ட்ரையல் குறைவதும் அதனால்தான். ஒரே ஒரு சூட் தைத்துவிட்டு வேறொருவரிடம் போய்விடுபவர் பாதிப் பயனை விட்டுவிட்டுப் போகிறார். பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டாக இருந்து முடிதுறந்த வின்ட்சர் கோமகன், 1919 முதல் 1959 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் கோட்டுகளை ஷோல்ட்டி என்ற ஒரே தையற்காரரின் நிறுவனத்தில்தான் தைத்துக்கொண்டார். மனிதர் விசித்திரமானவர். கோட்டு லண்டனில் தைப்பார், பேண்ட்டை மட்டும் நியூயார்க்கில் தைத்து வரவழைப்பார். இடுப்பு உயரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுதான் காரணம்.

கோட்டின் முன்பக்கத்தில் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு அடுக்கு உண்டு. மார்புக்கு வடிவம் தருவது அதுதான். மரபான முறையில் அது குதிரை முடி கலந்து நெய்த கான்வாஸ். அதைத் துணியோடு ஆங்காங்கே தளர்வான கைத்தையலால் பிடித்திருப்பார்கள். காலரின் தொடர்ச்சியாக மார்பில் வெளிப்புறம் மடிந்து நிற்கும் லேபல் பகுதியில் மட்டும், கையில் வளைத்துப் பிடித்துக்கொண்டே நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு தையல் போடுவார்கள். இஸ்திரிப் பெட்டியால் அழுத்திய மடிப்புப் போல இல்லாமல் லேபல் உருண்டு திரும்புவது அந்தத் தையலால்தான். இதற்கே ஒரு நாள் போய்விடும். கூலி மிச்சம்பிடிக்க வந்த மாற்றுவழி, பசை தடவிய உள்துணியைச் சூடு கொடுத்து ஒட்டிவிடுவது. சில நொடி வேலை. புதிதில் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது எனக்கே சிரமம். சூடும் சலவை ரசாயனமும் பட்டுப் பசை ஒரு சில இடங்களில் விட்டுப்போனால் மார்பில் சிறுசிறு கொப்புளங்கள் எழும். அதற்கு வைத்தியம் இல்லை. இன்றைய பசை முன்னைவிட எவ்வளவோ மேல், நியாயமாகச் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. தைத்த கான்வாஸோ உடல்சூட்டிலும் வியர்வையின் ஈரத்திலும் மெல்லப் படிந்து, ஒரு ஆண்டில் உங்கள் மார்பின் வடிவத்துக்கு வந்துவிடும். கோட்டைத் தடவிப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: கீழ்ப்பட்டனுக்கு அருகே வெளித்துணியையும் உள்பக்கத்தையும் விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் தனியாக ஒரு மூன்றாவது படலம் நழுவினால் கான்வாஸ்.

இஸ்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பளி நூலை ஈரமும் சூடும் கொடுத்து இழுக்கலாம், சுருக்கவும் செய்யலாம். அப்படியே நிற்கும். தட்டையான துணியிலிருந்து முதுகெலும்புப் பக்கத்து மேட்டையும் இடுப்புப் பள்ளத்தையும் கொண்டுவருவது கத்தரி பாதி, இஸ்திரிப் பெட்டி பாதி. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டையும் சரிகையையும் பின்னுக்குத் தள்ளி இங்கிலாந்துக் கம்பளிக் கோட்டு ஆண்களின் உடையாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பட்டு அப்படி வளையாது. பியூ பிரம்மல் (1778–1840) என்ற லண்டன்காரர் பூவேலையும் பளபளப்பும் இல்லாத அடர்நிறக் கோட்டை வெட்டின் நேர்த்தி ஒன்றாலேயே நாகரிகமாக்கிக் காட்டியதும் கம்பளியை வைத்துத்தான். பாலியஸ்டர் நூலும் பட்டைப் போலவே இஸ்திரிக்குப் பணியாது. பாலியஸ்டர் மிகுந்த துணியைக் கொண்டுவந்து கொடுத்து, "நல்ல கூலி தருகிறேன், நன்றாகத் தையுங்கள்" என்பவரிடம் என்ன சொல்வது என்று எங்கள் மாஸ்டர் சங்கடப்படுவார்.

வாங்கிச் சில ஆண்டுகள் ஆன பிறகுதான் உண்மையான பயன் தொடங்குகிறது. தைத்த கோட்டின் பக்கத் தையல்களிலும், முதுகு நடுத்தையலிலும், பேண்ட்டின் பின்புறத் தையலிலும், கை நுனியிலும் தையற்காரர் உள்ளே கூடுதல் துணி விட்டு மடித்து வைத்திருப்பார். பேண்ட்டின் பின்புறத் தையலில் மட்டுமே இரண்டு அங்குலம் வரை பெரிதாக்க இடம் கிடைக்கும். உடல் பருத்தால் பிரித்து விடலாம், மெலிந்தால் பிடிக்கலாம். ரெடிமேடில் துணி மிச்சம்பிடிப்பதற்காகப் பல தையல்களில் அரை அங்குலத்துக்கு மேல் விடுவதில்லை. பிடிக்க முடியும், விட முடியாது. மனித உடலோ பெரும்பாலும் மற்றத் திசையில்தான் போகிறது! பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ், இளவரசராக இருந்தபோது, 2018-இல் தம் இளைய மகன் திருமணத்துக்கு அணிந்துவந்த, மார்னிங் கோட் எனப்படும் பகல்விழாக் கோட்டு 1984-இல் தைத்தது. 34 வயதான கோட்டு. ஒட்டுப்போட்ட பழைய உடைகளை அவர் கூச்சமின்றி அணிவது ஊரறிந்த செய்தி. அரச குடும்பத்துக்குச் சிக்கனம் என்ன கட்டாயமா என்று கேட்கலாம்தான். எனக்கு அதில் பிடித்தது, அந்தக் கோட்டு அத்தனை காலம் உழைக்க இடம்கொடுத்ததே, அது.

பிரித்தாலும் மாற்ற முடியாதவையும் உண்டு. கோட்டின் நீளம், பட்டன் இருக்கும் உயரம், பையின் இடம், லேபல் அகலம். கோட்டின் நீளத்தை ஓர் அங்குலம் குறைத்தாலே பை கீழே நகர்ந்துவிட்டதுபோல் தெரியும். தோளைக் குறைக்கலாம் என்றாலும் கோட்டில் பாதியைப் பிரிக்க வேண்டும். நீண்ட காலத்துக்கு என்று தைக்கும்போது இந்த நான்கிலும் நாகரிகத்தின் பின்னால் ஓடாதீர்கள். கோட்டு பின்புறத்தை மூடட்டும். லேபல் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஏறத்தாழப் பாதித் தூரம் வரட்டும். ஒல்லிக் கோட்டு, குட்டைக் கோட்டு என்று ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அலையில் தைத்த நல்ல சூட்டுகள், துணி நைந்துபோகாமலே அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

துணியில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். நானும் ஏமாந்தவன், அதுவும் துணிக்கடைக்குப் போகும் வழி தெரிந்த பிறகு. எனக்கென்று முதன்முதலில் நானே காசு போட்டு எடுத்தது சூப்பர் 150 என்று ஓரத்தில் நெய்திருந்த சாம்பல்நிறத் துணி. தண்ணீர்போல் கையில் வழிந்தது. இரண்டாவது ஆண்டிலேயே பேண்ட்டின் தொடைப்பகுதி நைந்து பளபளக்கத் தொடங்கியது. அந்த எண் தரத்தைக் குறிப்பதல்ல, கம்பளி இழையின் நுண்மையைக் குறிப்பது. சர்வதேசக் கம்பளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது. சூப்பர் 120-க்கு 17.75, சூப்பர் 150-க்கு 16.25. எண் ஏற ஏற இழை மெலிகிறது. மென்மை கூடுகிறது, விலை கூடுகிறது, உழைக்கும் காலம் குறைகிறது, கசங்கினால் நிமிர்வதும் குறைகிறது. அடிக்கடி அணியப்போகும் சூட்டுக்குச் சூப்பர் 100, 110 அளவில், இரட்டை நூலை முறுக்கி நெய்த துணி தாராளமாகப் போதும்.

எண்ணைவிட எடையைக் கேளுங்கள். ஏறத்தாழ 150 செ.மீ. அகலமுள்ள துணி மீட்டருக்கு எத்தனை கிராம்? 280 முதல் 320 வரை என்றால் பெரும்பாலான பருவங்களுக்கு ஏற்றது, நன்றாகத் தொங்கும். வெயிலுக்கு 220 கிராம் மெல்லிய துணிதான் நல்லது என்று எடுப்பார்கள். ஆனால் நெருக்கமாக நெய்த மெல்லிய துணியைவிட, நன்றாக முறுக்கிய நூலில் இடைவெளி விட்டு நெய்த கனமான துணியில் காற்றுப் போகும். இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஃப்ரெஸ்கோ என்ற நெசவு இந்த வகைக்குப் பெயர்போனது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சல்லடைபோல் ஒளி வந்தால் காற்றும் வரும். கூடவே கோட்டுக்குப் பாதி லைனிங் மட்டும் போடச் சொல்லிவிட்டால் வெப்பத்துக்குப் பெரிய விடுதலை. தோளில் பஞ்சு வேண்டாம் என்றும் சொல்லலாம். லண்டன் பாணியில் தோளைக் கட்டி எழுப்புவார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர்கள் சட்டைபோல மென்மையாக விட்டுவிடுவார்கள். எது உயர்ந்தது என்று சண்டை போடுவதற்கு இல்லை. சரிந்த தோள் உள்ளவருக்கு முன்னது உதவும், வெப்பத்தில் நடமாடுபவருக்குப் பின்னது.

சரி, கணக்குக்கு வருவோம். 'ஒரு தடவை அணிவதற்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள்' என்று தைப்பவர்கள் சொல்வார்கள். பசை ஒட்டிய ரெடிமேட் சூட்டை ஆண்டுக்கு 40 தடவை வீதம் நான்கு ஆண்டு அணிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 160 தடவை. தைத்த சூட் அதே வீதத்தில் 12 ஆண்டு வந்தால் 480. விலை மூன்று மடங்கு வரை இருந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது, அதற்கு மேல் போனால் உதைக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது: ஆண்டுக்கு 40 தடவை. சூட் அணியும் கட்டாயம் உள்ள வேலையில் இருப்பவருக்கு அது உண்மை. ஆண்டுக்கு மூன்று விழாக்களுக்கு மட்டும் அணிபவருக்கு எந்தச் சூட்டும் நைந்துபோகாது. அவர் வகுத்துப் பார்த்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்குப் பயன் வேறொன்றாக இருக்கலாம்: உடல் மாறினாலும் பிரித்துக்கொள்ளலாம், விழாவுக்கு முதல் நாள் மாலை பதற வேண்டாம். அது அவருக்கு எவ்வளவு பெறும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

யார் தைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உடல் எடையைக் குறைக்கத் தொடங்கி இன்னும் முடிக்காதவர். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர். அடுத்த வாரம் தேவைப்படுபவர், ஏனென்றால் நல்ல கைவேலைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், அவசரத்தில் ட்ரையல்தான் முதலில் அடிபடும். கையில் உள்ளதையெல்லாம் திரட்டி ஒரே ஒரு சூட் வாங்க நினைப்பவரும் யோசிக்க வேண்டும். கம்பளிக்கு ஓய்வு வேண்டும். ஒரு நாள் அணிந்தால் ஓரிரு நாள் அகலத் தோள் ஹாங்கரில் தொங்க வேண்டும். தினமும் அதையே போட்டால் எவ்வளவு நல்ல தையலும் தாங்காது. அவருக்கு இரண்டு கண்ணியமான ரெடிமேட் சூட்டும், ஆல்டரேஷனுக்குக் கொஞ்சம் காசும், சரியான கழுத்தளவில் தைத்த நான்கு சட்டைகளும் மேல். சட்டை தைத்துக்கொள்வது குறைந்த செலவில் பெரிய பயன் தருவது. டை கட்டியதும் மூச்சுமுட்டுகிறது என்பவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்தில் சரியான சட்டையைக் கடையில் எடுத்தால் உடலில் தொளதொளக்கும், உடலுக்குச் சரியானதை எடுத்தால் கழுத்து இறுக்கும். தைத்தால் அந்தச் சிக்கலே இல்லை.

தைப்பது என்று முடிவானால் ஆளைத் தேர்ந்தெடுப்பது துணியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் முடிந்த கோட்டைப் பார்க்காதீர்கள், பாதியில் நிற்கும் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். கான்வாஸ், உள்ளே விட்ட துணி, தையலின் நெருக்கம் எல்லாம் அப்போதுதான் தெரியும். காட்டத் தயங்குகிறவரிடம் எனக்கு ஐயம் வரும். கை நுனியில் பட்டன்கள் உண்மையிலேயே திறந்து மூடுகின்றனவா என்று பலர் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் அது கைவேலையின் அடையாளம், இன்று ரெடிமேடிலும் வந்துவிட்டது. ரெடிமேடில் அது தொல்லையும்கூட. காஜா வெட்டிய பிறகு கையின் நீளத்தை நுனியில் மாற்ற முடியாமல் போகிறது. அதைவிட, 'மூன்று ஆண்டு கழித்து இடுப்பு பெருத்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். "கொண்டுவாருங்கள், உள்ளே இவ்வளவு விட்டிருக்கிறேன்" என்று விரலால் காட்டுகிறவர் உங்கள் ஆள்.

முதல் சூட்டைக் கருநீலத்திலோ நடுத்தரச் சாம்பலிலோ, கோடும் கட்டமும் இல்லாமல் தையுங்கள். கறுப்பு வேண்டாம். இரவு விருந்துக்கும் துக்கத்துக்கும் பொருந்தும் நிறம் அது. பகல் வெளிச்சத்தில் முகத்தை வெளிறச் செய்யும், தூசியையும் காட்டிக்கொடுக்கும். கோட்டும் பேண்ட்டும் சேர்ந்த ஒரு சூட்டுக்குச் சுமார் 3.5 மீட்டர் பிடிக்கும். கூடவே இரண்டாவது பேண்ட்டுக்கும் அதே சுருளில் துணி எடுத்துவிடுங்கள். முதலில் நைவது எப்போதும் பேண்ட்தான். பிறகு தேடினால் அதே துணி கிடைத்தாலும் சாயம் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ வரும். கோட்டோடு ஒட்டாது. சலவைக்கு அடிக்கடி போடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை போதும், இடையில் பிரஷ்ஷால் துடைத்துக் காற்றில் தொங்கவிடுங்கள்.

ட்ரையலுக்குப் போகும்போது வழக்கமாகச் சூட்டோடு அணியும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். குதிகால் உயரம் அரை அங்குலம் மாறினால் பேண்ட் நீளம் மாறிவிடும். பைகளில் வழக்கமாக வைத்திருக்கும் செல்பேசியையும் பர்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்தது போதாது, ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள், கைகுலுக்குவதுபோல் கையை நீட்டுங்கள், ஷூ நாடாவைக் கட்டக் குனியுங்கள். எங்காவது பிடித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். சங்கடப்பட்டு, "பரவாயில்லை, நன்றாக இருக்கிறது" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளை நூலில் இருக்கும்போது எதையும் மாற்றலாம். காஜா வெட்டிய பிறகு பட்டன் இருக்கும் உயரம் உங்கள் கையிலும் இல்லை, மாஸ்டர் கையிலும் இல்லை.